சரிபார்த்தாயிற்று

ஊசியக்கா என்ற பெயரை அவளுக்கு வைத்தவர் பேக்கரிக்காரர். சர்க்கரை பார்க்க முதன்முதலாக லேபுக்கு வந்த அன்று கண்ணை இறுக மூடிக்கொண்டு, "சொல்லிட்டுக் குத்தும்மா, சொல்லாம குத்திடாத" என்று ஐந்தாறு முறை சொன்னார். ஏழாவது முறை வாயெடுத்தபோது அவள் பஞ்சை வைத்து அழுத்தி, "மடக்கிக்குங்க, ஆச்சு" என்றாள். அவர் நம்பவில்லை. ட்யூபில் தன் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் நம்பினார். "குத்தினதே தெரியல. நீ அந்த ஊசிக்கே அக்கா" என்றார். வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்த வாரத்திலிருந்து எல்லோருக்கும் அவள் ஊசியக்கா ஆகிவிட்டாள்; அவளைவிட இருபது வயது மூத்தவர்களுக்கும்கூட.

லேப் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையை ஒட்டி இரண்டு அறை. முன்னறையில் பத்து நாற்காலி, உள்ளறையில் மெஷின்கள். காலை ஆறரைக்கே ஆட்கள் வெறும் வயிற்றோடு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். பசியோடு இருக்கிறவர்களிடம் பேச்சு வளர்க்கக் கூடாது என்பது அங்கே முதல் பாடம். ரத்தம் எடுத்து, ட்யூபில் பெயர் ஒட்டி, சுழல வைத்து, மேலே தெளிந்து நிற்கும் நீரை மெஷினுக்குக் கொடுத்தால் அது எண்களைச் சொல்லும். அந்த எண்களை வாங்கி, ஆளுக்கு ஆள் பிரித்து, ரிப்போர்ட்டாக அச்சடித்துத் தருவது கம்ப்யூட்டரில் இருந்த மென்பொருள்.

அதற்கு முதலாளி கிடையாது. ஏழெட்டு நாடுகளில் இருக்கிறவர்கள் ஒழிந்த நேரத்தில் சேர்ந்து எழுதுவது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்று திறந்தும் பார்க்கலாம். முதலாளி இல்லாததால் புகார் சொல்ல ஆளும் இல்லை. ஒரு பட்டியல்தான் உண்டு. எங்கே கோளாறு கண்டாலும் அதில் எழுத வேண்டும். அதற்கு ஓர் எண் விழும். எவராவது அதைச் சரி செய்து அனுப்புவார்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் பெண்களின் ரிப்போர்ட்டில் ஆண்களுக்கான அளவை அச்சடித்துக்கொண்டிருந்தது அந்த மென்பொருள். ஊசியக்கா ஆத்திரம் தாங்காமல் பட்டியலில் நறுக்கென்று நாலு வரி எழுதினாள். மறுநாளே ஒருவர் நன்றி சொல்லி, சரி செய்தும் அனுப்பியிருந்தார். தான் சொன்ன ஒன்றை மறுபேச்சில்லாமல் ஒருவர் கேட்டுக்கொண்டது அவளுக்குப் புது அனுபவம். அங்கேயே தங்கிவிட்டாள். நிரல் எழுத அவளுக்குத் தெரியாது. சரி செய்ததாகச் சொல்லப்படுவது உண்மையிலேயே சரியாகிவிட்டதா என்று பார்ப்பது அவள் வேலை. மூன்று பொய் நோயாளிகளை உண்டாக்குவாள்: நாற்காலி, வயது நாற்பது. மேசை, வயது அறுபத்திரண்டு. ஜன்னல், வயது ஒன்பது. மூன்று பேருக்கும் சரியாக வந்தால் நோட்டில் எழுதிக்கொண்டு, 'சரிபார்த்தாயிற்று' என்ற பொத்தானை அமுக்குவாள். அவள் குறி விழாமல் எதுவும் அடுத்த பதிப்பில் சேராது.

"ஊர் பேர் தெரியாதவங்களுக்கு மூட்டைப்பூச்சி பிடிச்சுக் கொடுக்கிற வேலை" என்பாள் நாத்தனார். ஊசியக்காவின் வீட்டுக்காரருக்கு அக்கா. ஜன்னலோரம் தையல் மெஷின் போட்டு, துணி தைத்துக்கொண்டு அவர்களோடுதான் இருந்தாள். வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட்காரர் என்றுதான் தெருவில் சொல்வார்கள். அவருக்கு இந்த வேலையில் மறுப்பு இல்லை. அவள் பாத்திரம் கழுவும்போது செய்தி வந்தால் வாசித்துக் காட்டுவார். "அமுக்குங்க" என்றால் அமுக்குவார்.

பட்டியலில் 614 என்று ஒரு பிழை ஆறு மாதமாகக் கிடந்தது. ஒரே ஆளுக்கு ஒரே நாளில் இரண்டு முறை ரத்தம் எடுத்தால், ரிப்போர்ட்டில் இரண்டாவது அளவுக்குப் பதிலாக முதல் அளவே அச்சாகும். அதனால் இரண்டு தடவை எடுத்தவர்களின் ரிப்போர்ட்டை மெஷின் திரையோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். அந்த மாதம் வந்த புதுப் பதிப்பில், சரியானவை என்று நாற்பது எண்கள் போட்டிருந்தார்கள். நடுவில் 614. அதைக் கண்டதும் ஊசியக்காவுக்குத் தலைச்சுமை இறங்கியது போல இருந்தது. அந்த வியாழக்கிழமை லேப் கம்ப்யூட்டரில் அவளே ஏற்றினாள். "இனிமே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டாம், சரி பண்ணியாச்சு" என்று ரிப்போர்ட் கொடுக்கும் பெண்ணிடமும் சொல்லிவைத்தாள்.

திங்கட்கிழமை பேக்கரிக்காரர் வந்தார். இருபது நாளாக விட்டு விட்டு மழை. குளிரில் அவர் நரம்பு உள்ளே போய் ஒளிந்துகொண்டது. ஊசி நழுவி, ரத்தம் இழுபட்டுத்தான் வந்தது. அப்படி வந்தால் ரத்த அணுக்கள் உடையும். மேலே நிற்கும் நீர் சிவந்துவிடும். அதில் பொட்டாசியம் பார்த்தால் இல்லாத அளவைக் காட்டும். காட்டியது, ஏழு புள்ளி ஒன்று; நிஜமாக இருந்தால் உயிருக்கே ஆபத்தான அளவு. அவரைத் திரும்பக் கூப்பிட்டு மற்றக் கையில் எடுத்தாள். "என்னக்கா, இன்னிக்கு ரெண்டு கையும் கேக்குது?" என்று கேலி செய்தார். இரண்டாவது முறை நாலு புள்ளி மூன்று. நல்ல அளவு. அவள் அடுத்த ஆளுக்குப் போய்விட்டாள். அச்சானது ஏழு புள்ளி ஒன்று.

அந்தக் காகிதத்தைப் பார்த்த டாக்டர் அவரை உடனே ஆஸ்பத்திரியில் சேர்த்து, பொட்டாசியத்தை இறக்க மருந்து ஏற்றினார். நல்ல அளவில் இருந்தது தாறுமாறாக இறங்கி, விடிவதற்குள் இதயத் துடிப்பு தடுமாறத் தொடங்கியது.

செவ்வாய்க்கிழமை லேப் முதலாளி அவளை உள்ளறைக்குக் கூப்பிட்டார். மேசைமேல் ரிப்போர்ட்டின் நகல், பக்கத்தில் மெஷினின் பழைய எண்கள். கம்ப்யூட்டரில் அந்தப் பட்டியலைத் திறந்து வைத்திருந்தார்.

"இதை வாசி."

வாசித்தாள். 614. அதற்குக் கீழே அவள் பெயர். பெயருக்குப் பக்கத்தில் 'சரிபார்த்தாயிற்று.'

"நீ சரின்னு போட்டிருக்கே. நீதான் இங்க ஏத்தினே. ஒப்பிட வேண்டாம்னு சொன்னதும் நீதான்னு அந்தப் பொண்ணு சொல்லுது. நான் யாரைப் போய்க் கேக்கிறது?"

"சார், இதை நான் பார்த்த மாதிரி ஞாபகம் இல்ல."

"ஞாபகம் இல்லையா?" அவர் குரலை உயர்த்தவில்லை. கண்ணாடியைக் கழற்றி அவளை ஒரு மாதிரி பார்த்தார். பதினோரு வருஷமாக அவளைப் பார்த்த பார்வை அது இல்லை. "வீட்டுக்குப் போய் ஞாபகப்படுத்திட்டு வா. அதுவரைக்கும் ரிப்போர்ட் பக்கம் போகாத."

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நோட்டை எடுத்தாள். 613 இருந்தது: நாற்காலி சரி, மேசை சரி, ஜன்னல் சரி. 615 இருந்தது. நடுவில் 614 இல்லை. கம்ப்யூட்டரில் குறியின் நேரத்தைப் பார்த்தாள். இரண்டு வாரத்துக்கு முந்தைய ஞாயிறு, காலை பதினொன்று இருபது. அந்த ஞாயிறு அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. நாலு நாள் மழைக்குப் பிறகு வெயில் எட்டிப் பார்த்த நாள். வீட்டில் இருந்த துணி அத்தனையும் துவைத்து, மத்தியானம்வரை மொட்டை மாடியில் நின்றாள்.

"என் கணக்குல வேற யாரோ புகுந்திருக்காங்க" என்றாள்.

லிஃப்ட்காரர் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து கையில் இருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். "யாரு?"

யார் என்று யோசிக்க அவளுக்கு நேரம் பிடிக்கவில்லை. 614-ஐச் சரி செய்து அனுப்பியவன் ஒருவன். பட்டியலில் அவனுக்குப் பெயர் ஆந்தை, படமும் ஆந்தை. எந்த நாடு, என்ன வயது, ஒன்றும் தெரியாது. வந்து நாலு மாதம்தான். அதற்குள் எண்பது பிழைகளைச் சரி செய்திருந்தான். 614-க்கு மட்டும் அவளை மூன்று தடவை கேட்டிருந்தான்: பார்த்தாயிற்றா, எப்போது பார்ப்பீர்கள், இந்த வாரம் முடியுமா.

"நாலு மாசத்துல எண்பதா?" என்றார் லிஃப்ட்காரர். "எந்த மடையன் சும்மா உக்காந்து இவ்வளவு செய்வான்?"

"நானும்தான் நாலு வருஷமா சும்மா செய்றேன்."

"உன் முகம் எனக்குத் தெரியும். அவன் மூஞ்சியை யார் பார்த்தா? கள்ளச் சாவி போட்டுத் திறந்தவன் வாசல்லயா நிப்பான்? மூணு தடவை கேட்டானே, அது எதுக்கு? நீ எப்போ வீட்ல இருக்கே, எப்போ இல்லைன்னு நோட்டம் பார்த்திருக்கான்."

அவர் சொல்லச் சொல்ல அவளுக்கு எல்லாம் கூடி வந்தது. ஆந்தை எழுதிய ஒவ்வொரு வரியையும் மறுபடி வாசித்தாள். 'அவசரமில்லை, ஆனாலும்' என்று ஓர் இடத்தில் எழுதியிருந்தான். அந்த 'ஆனாலும்' இப்போது வேறு மாதிரி தெரிந்தது. 'உங்கள் நேரத்துக்கு நன்றி' என்றதில்கூட ஏதோ ஒளிந்திருப்பது போலிருந்தது.

பட்டியலுக்கெல்லாம் பொறுப்பாக இருந்த அம்மாள் வேறொரு நாட்டில் இருந்தாள். ஊசியக்கா உட்கார்ந்து எழுதினாள். என் குறியை யாரோ திருடிப் போட்டிருக்கிறார்கள். அதனால் ஒரு நோயாளி ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். ஆந்தைமேல் சந்தேகம். லிஃப்ட்காரர் தோள்மேல் எட்டிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் உறைக்கிற மாதிரி எழுது" என்றார். உறைக்கிற மாதிரியே எழுதினாள். தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்த சத்தம் நடுவில் ஒரு தடவை நின்றது. பிறகு மறுபடி ஓடியது.

புதன்கிழமை பொறுப்பாளரின் பதில் வந்தது. ஆந்தை இனி எதுவும் அனுப்ப முடியாதபடி நிறுத்திவைத்தாயிற்று. அவன் செய்த எண்பதையும் முதலிலிருந்து திரும்பப் பார்க்கப் போகிறார்கள். பட்டியலில் எல்லோரும் பார்க்கிற இடத்தில் அறிவிப்பும் போட்டாயிற்று. கீழே பத்துப் பதினைந்து பேர் எழுதியிருந்தார்கள். எனக்கும் அவன்மேல் ஒரு கண் இருந்தது என்றார் ஒருவர். இவ்வளவு வேகமாக வேலை செய்தபோதே நினைத்தேன் என்றார் இன்னொருவர்.

அன்று சாயங்காலம் லிஃப்ட்காரர் வழக்கம்போல வாசலிலேயே டீ கேட்கவில்லை. கொடுத்த ரொட்டியையும் முட்டையையும் தலை நிமிராமல் தின்றார். "அந்தக் குறி விழுந்தது எந்த ஞாயிறுன்னு சொன்னே?" என்று ஒரு தடவை கேட்டார். சொன்னாள். "ம்" என்றார். தட்டைத் தானே கழுவி வைத்தார். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அவர் கழுவிய தட்டுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். தன்மேல் இரக்கப்படுகிறார் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை வேலை முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். வராந்தா முழுக்க ஈரக் குடைகள். பேக்கரிக்காரரின் மனைவி வார்டு வாசலில் ஃப்ளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"இப்போ எப்படி இருக்காரு?"

"மூச்சு இருக்கு."

"நான் ஒரு தடவை பார்க்கலாமா?"

"எதுக்கு?" பேக்கரிக்காரரின் மனைவி அவள் கைப்பையையே பார்த்தாள். "உங்க முதலாளி அனுப்பினாரா? ஏதாவது எழுதிக்கிட்டு வந்திருக்கியா, கையெழுத்து வாங்க?"

"இல்லம்மா. நானாத்தான் வந்தேன்."

"நானா வந்தேன்னுதான் எல்லாரும் சொல்றாங்க. டாக்டர் லேபைச் சொல்றாரு. உங்க முதலாளி கம்ப்யூட்டரைச் சொல்றாரு. நீ யாரைச் சொல்லப் போறே?"

"வெளிநாட்டுல ஒருத்தன்..." என்று ஊசியக்கா ஆரம்பித்தாள். சொல்லும்போதே அந்த வார்த்தை அந்த வராந்தாவில் எடுபடவில்லை என்று அவளுக்கே தெரிந்தது.

"வெளிநாட்டுல ஒருத்தனா?" அந்தம்மா ஃப்ளாஸ்க்கின் மூடியை இறுக்கினாள். "இந்த மனுஷன் விடிகாலை மூணு மணிக்கு எழுந்து மாவு பிசையறவரு. அந்த வெளிநாட்டுக்காரனுக்கு இவர் என்ன பண்ணினாரு? போம்மா. உள்ள விட மாட்டாங்க."

வெள்ளிக்கிழமை அவளுக்கு லேபில் காலை வேலை மட்டும். மத்தியானம் வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரைத் திறந்தபோது ஆந்தையிடமிருந்து ஒரு செய்தி வந்திருந்தது. பட்டியலில் எழுத அவனுக்கு அனுமதி இல்லாததால் அவளுக்கு மட்டும் தனியாக எழுதியிருந்தான். கோபமாக இருக்கும் என்று நினைத்துத்தான் திறந்தாள். நாலே வரி.

'நான் உங்கள் கணக்கைத் தொடவில்லை. அதை என்னால் நிரூபிக்க முடியாது. அந்த ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு நான் அனுப்பிய செய்தியின் கடைசிக் குறிப்பைத் தயவுசெய்து ஒரு தடவை வாசியுங்கள். அந்த நோயாளி எப்படி இருக்கிறார்?'

பழைய செய்திகளில் தேடினாள். ஞாயிறு, பதினொன்று பதினெட்டு. திறந்ததாகத்தான் காட்டியது. மேலே வழக்கமான விவரங்கள், நடுவில் இரண்டு பொத்தான்: 'சரிபார்த்தாயிற்று', 'இன்னும் இல்லை'. பொத்தானைத் தாண்டிக் கீழே போனால் ஆந்தையின் குறிப்பு.

'என்னிடம் ஒரே வகை மெஷின்தான் இருக்கிறது. மற்ற வகைகளில் இது வேலை செய்யுமா என்று எனக்கே சந்தேகம். அதனால்தான் திரும்பத் திரும்பத் தொந்தரவு செய்கிறேன். நன்றாகப் பார்த்த பிறகு மட்டும் அமுக்குங்கள்.'

மூன்று தடவை கேட்டவன் அவசரப்படுத்தவில்லை, பயந்திருக்கிறான்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் அடுத்தது உறைத்தது. செய்தி வந்தது பதினெட்டுக்கு. குறி விழுந்தது இருபதுக்கு. எங்கிருந்து திறந்தது என்ற விவரத்தில் இந்த மேசையில் இருந்த கம்ப்யூட்டரின் பெயர்தான் இருந்தது. வெளியிலிருந்து யாரும் வரவில்லை.

ஜன்னலோரம் நாத்தனார் தலையணை உறைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். ஊசியக்கா அவள் முதுகையே பார்த்தாள். இந்த வீட்டில் மூன்று பேர். ஒருத்தி மாடியில் இருந்தாள்.

"அண்ணி."

"ம்."

"அந்த ஞாயித்துக்கிழமை நான் துணி காயப்போட்டுட்டு இருந்தப்போ, கம்ப்யூட்டர்கிட்ட யார் போனா?"

மெஷின் நின்றது. நாத்தனார் ஊசியில் நூல் இருக்கிறதா என்று பார்ப்பவள் போலக் குனிந்தாள். நூல் இருந்தது.

"டிங் டிங்குன்னு அடிச்சுக்கிட்டே இருந்துச்சு" என்றாள். "நீதான் மேலேருந்து, 'என்னன்னு பாருங்க'ன்னு கத்தினே. தம்பி டிவி பார்த்துட்டு இருந்தான். எழுந்து போய் ஏதோ அமுக்கினான். சத்தம் நின்னுச்சு. திரும்ப வந்து உக்காந்துட்டான்."

"நீங்க பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"நான் அந்த ஆந்தையைப் பத்தி எழுதினப்போவும் இங்கதானே உக்காந்திருந்தீங்க?"

"உக்காந்திருந்தேன்." நாத்தனார் துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "அவன் சொல்லுவான்னு இருந்தேன். கூடப் பிறந்தவனை நான் காட்டிக்கொடுக்கிறதா? நேத்து வரைக்கும் பார்த்தேன். இன்னிக்கு நீ என்னையே அப்படிப் பார்க்கிறே. அதுக்கப்புறம் மறைக்க எனக்கு என்ன இருக்கு."

லிஃப்ட்காரர் ஐந்தரைக்கு வந்தார். மழையில் சட்டை தோளோடு ஒட்டியிருந்தது. மேசையில் அந்தச் செய்தி திறந்திருந்ததைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், அக்கா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"எத்தனையோ தடவை நீயே 'அமுக்குங்க'ன்னு சொல்லியிருக்கே" என்றார், அவள் எதுவும் கேட்பதற்கு முன்பே.

"நான் சொன்னப்போ அமுக்கினீங்க. அன்னிக்கு நான் சொல்லலையே."

"என்னன்னு பாருங்கன்னு சொன்னே."

"பாருங்கன்னுதான் சொன்னேன்."

அவர் ஈரத் தலையைத் தடவிக்கொண்டார். "எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். ரெண்டு பொத்தான். எப்பவும் முதல் பொத்தானைத்தான் அமுக்கச் சொல்லுவே. அதுல இப்படி ஒரு ஆள் உயிர் இருக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"லிஃப்ட் ஓடலாம்னு கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி நாலு தடவை நீங்களே ஏறி இறங்குவீங்க. டிவி பார்த்துக்கிட்டு போடுவீங்களா?"

"அது லிஃப்ட். அதுல ஆள் ஏறுவாங்க."

"இதுலயும் ஒரு ஆள் ஏறித்தான் ஆஸ்பத்திரியில கிடக்காரு."

சமையலறையில் கஞ்சி கொதிக்கும் சத்தம் கேட்டது.

"சரி, அமுக்கிட்டீங்க" என்றாள். "தப்பு என்மேலயும் இருக்கு. என் பொத்தானை உங்க கையில நான்தான் கொடுத்தேன். அது போகட்டும். அவனைப் பத்தி நான் எழுதும்போது, இன்னும் உறைக்கிற மாதிரி எழுதுன்னீங்களே. அப்போ தெரியுமா, தெரியாதா?"

"சத்தியமா அப்போ தெரியாது."

"எப்போ தெரிஞ்சுது?"

"மறுநாள். லிஃப்ட் கூண்டு மேல உக்காந்து கம்பிக்கு எண்ணெய் போட்டுட்டு இருந்தேன். திடீர்னு ஞாபகம் வந்துச்சு. அந்த டிங் சத்தம், நீ மாடியிலேருந்து கூப்பிட்டது, எல்லாம்."

"மறுநாள்னா புதன்."

"ம்."

"இன்னிக்கு என்ன கிழமை?"

"ஏன் இப்படிக் கேக்கிறே?"

"கிழமையைச் சொல்லுங்க."

"வெள்ளி" என்றார்.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். "நேத்து நான் ஆஸ்பத்திரியில போய் வெளிநாட்டுக்காரன்னு சொல்லிட்டு வந்தேன்" என்றாள். "காலையில நீங்கதான் குடையை எடுத்துக் கொடுத்து அனுப்பினீங்க."

"சொல்லணும்னுதான் இருந்தேன். வாய் வரல. உன் வேலை போயிடுமோன்னு பயம். அப்புறம்..." அவர் நிறுத்தி, மேசையில் இருந்த கிரீஸ் தடம் ஒன்றை நகத்தால் சுரண்டினார். "அவன்னா யாருக்கும் தெரியாத ஆளு. பழி அவன்மேலயே இருந்துட்டுப் போகட்டும்னு நினைச்சேன். அவனுக்கு என்ன நஷ்டம்னு நினைச்சேன்."

இந்த ஒரு பதிலை மட்டும் அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று அவள் பிற்பாடு பல நாள் நினைத்ததுண்டு.

"என்னைப் பத்தி எழுதப் போறியா?" என்று கேட்டார்.

"நடந்ததை எழுதப் போறேன்."

அன்றே எழுதினாள். தோள்மேல் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. '614-ஐ நான் சரிபார்க்கவில்லை. என் பெயரில் உள்ள குறி என் கணவர் அமுக்கியது. அவரை அப்படி அமுக்கப் பழக்கியவள் நான். ஆந்தை அந்தச் செய்தியிலேயே எச்சரித்திருந்தார். நான் வாசிக்கவில்லை. வாசிக்காமலே அவர்மேல் பழி போட்டேன். பதிப்பில் 614 சரி என்று பார்த்தபோது, எப்போது சோதித்தோம் என்று ஒரு கணம் யோசித்திருந்தாலும் போதும், யோசிக்கவில்லை. ஒரு நோயாளி ஆஸ்பத்திரியில் இருக்கிறார். இந்தப் பிழை இன்னும் அப்படியே இருக்கிறது. எல்லா லேபும் ஒப்பிட்டுப் பார்த்தே ரிப்போர்ட் கொடுக்கவும்.'

ஆந்தைமேல் முன்பே ஒரு கண் இருந்தது என்று எழுதியவர்கள் இப்போது ஒன்றும் எழுதவில்லை. ஒருவர் மட்டும் கேட்டார்: அப்படியானால் இவர் பெயரில் உள்ள மற்றக் குறிகளெல்லாம் யார் அமுக்கியவை?

கேட்டதில் தப்பு இல்லை. நோட்டையும் பட்டியலையும் வைத்துக்கொண்டு முந்நூற்று நாற்பது குறிகளையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டாள். நோட்டில் பதிவே இல்லாமல் பதினொன்று கிடந்தன. "அதெல்லாம் நான் இல்ல" என்றார் லிஃப்ட்காரர். "அந்த ஒண்ணுதான்." சரி என்றாள். சொல்லிவிட்டு, நாற்காலி, மேசை, ஜன்னல் மூவரையும் வைத்துப் பதினொன்றையும் முதலிலிருந்து சோதித்தாள். பதினொன்றும் சரியாகவே இருந்தன. யார் அமுக்கினார்கள் என்பது மட்டும் தெரியவில்லை.

பொறுப்பாளரிடம், இந்த வேலையை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள் என்றும் எழுதிப் பார்த்தாள். வேறு யாரும் இல்லை என்று பதில் வந்தது. ஆந்தைக்கு அனுமதியைத் திரும்பக் கொடுத்தார்கள். பதினைந்து நாள் அவன் எதுவும் அனுப்பவில்லை. பிறகு 614-க்கு மட்டும் புதிதாக ஒன்று அனுப்பினான். அவள் மன்னிப்புக் கேட்டு எழுதியதற்கு அதில் பதில் இல்லை.

நடந்ததைக் கேட்ட லேப் முதலாளி அவளை வேலையை விட்டு அனுப்பவில்லை. ரத்தம் எடுப்பதோடு சரி, உள்ளறைப் பக்கம் வர வேண்டாம் என்றார். பட்டியலில் எழுதிய மறுநாள், சனிக்கிழமை, அவள் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பேக்கரிக்காரரின் மனைவியிடம் உள்ளதைச் சொன்னாள். அந்தம்மா முழுசாகக் கேட்டாள். "புருஷனைக் காட்டிக்கொடுத்துட்டு வந்து நிக்கிறே. இதுல எவ்வளவு நிஜமோ" என்றாள். பேக்கரிக்காரர் பத்தாம் நாள் வீடு திரும்பினார். அதன் பிறகு அவர் ரத்தப் பரிசோதனைக்கு வேறு லேபுக்குத்தான் போனார்.

மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஆந்தை புதிதாக அனுப்பியதை மூன்று பேரை வைத்தும் பார்த்தாள். நாற்காலிக்குச் சரி. மேசைக்குச் சரி. ஜன்னலுக்கு மட்டும் பழைய அளவே வந்தது. 'இன்னும் இல்லை' என்பதை அமுக்கி, காரணத்தை எழுதினாள். பொறுப்பாளர் சொல்லியிருந்தபடி, கணக்கின் கடவுச்சொல்லையும் அன்றைக்கே மாற்றிவிடலாம் என்று நினைத்தாள்.

எதிரே லிஃப்ட்காரர் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். புதுச் சொல் கேட்கும் கட்டம் திரையில் வந்ததும், அவள் விரல்கள் எழுத்துகளின் மேல் அப்படியே நின்றன. அவர் அதைக் கவனித்தார். டம்ளரோடு நாற்காலியைத் திருப்பிப் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

அந்த முதுகை அவள் பார்த்தாள். 'பரவாயில்ல, இப்படித் திரும்பி உக்காருங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் சொல்லவில்லை. சத்தம் வராமல் ஒவ்வோர் எழுத்தாக அமுக்கினாள்.